ஐம்பத்தெட்டு முறை அடித்த மணி

அத்தியாயம் 9

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு நடந்த சபைக் கூட்டம், ஒரு முடிவும் எடுக்காமல் காபி குடித்துக் கலைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோயில் வளாகத்தில் மூடிக்கிடக்கும் பழைய பள்ளிக்கூட ஹாலை ஒரு செல்போன் கடைக்காரர் குடோனுக்குக் கேட்கிறார். கொடுத்துத் தொலைக்கலாம் என்று ஒரே பிடியாக நின்றார் பெரியவர் வேதமாணிக்கம். கொடுத்துவிட்டால் இந்தத் தெருவில் லுத்தரன் சபை என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று கேட்டாள் சபைச் செயலாளர் தயாவதி. 

ஒரு காலத்தில் நூற்று நாற்பது குடும்பம் இருந்த சபை. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, கனடா என்று போக, பெற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ரெஜிஸ்டரில் இப்போது முப்பத்தொரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்காருவது பதினான்கு பேர். தெரு மட்டும் நிரம்பி வழிகிறது. மீமிசல் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நார்த்தாமலை பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஸ்கேன் சென்டர், லாட்ஜ், இரண்டு பிரியாணிக் கடை.

தயாவதிக்கு இதையெல்லாம் யோசிக்க இந்த வாரம் நேரமில்லை. மகள் பிளெஸ்ஸிக்கு நிச்சயதார்த்தம். நாளை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, அதே ஹாலில். வெள்ளைத் துணியும் ரோஜா நிறத் துணியும் சுற்றியாகிவிட்டது. மேடையில் பிளெஸ்ஸி, ஜோயல் என்று தெர்மாகோலில் பெயர் வெட்டி ஒட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு திருச்சி. மாப்பிள்ளையின் அம்மா சுகந்தி டீச்சர், எதிலும் ஒரு பிசகு பொறுக்காதவர்.

அப்படிப்பட்ட சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வீட்டு கேட்டில் அரசு ஆஸ்பத்திரியின் அமரர் ஊர்தி வந்து நின்றது.

உள்ளே ஐயனார். பின்போர்ஷனில் நான்கு வருஷமாகக் குடியிருந்தவர். ஜவுளிக்கடை வாட்ச்மேன். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 108 வந்து தூக்கிப்போனது, ஆறு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி சொர்ணம், அழுது ஓய்ந்து, வண்டியின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கேட்டை மறித்துக்கொண்டு நின்றார் தயாவதியின் கணவர் ஜெபநேசன். நாளைய விசேஷத்துக்காகத் தலைக்கு மை தடவிக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து வந்திருந்தார். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நரை, தோளில் ஒரு பழைய துண்டு.

"சார், எங்க இறக்குறதுன்னு சொல்லுங்க. எனக்கு அடுத்த டிரிப் இருக்கு" என்றார் டிரைவர்.

ஜெபநேசன் மனைவியை ஓரமாக அழைத்தார். "நாளைக்கு விசேஷம் வெச்சிருக்கிற வீடு, தயா."

"நல்ல நாள், கெட்ட நாள் பாக்கறது அவிசுவாசம்னு போன மாசம் எதிர்வீட்டு ஆளுகிட்ட அரை மணி நேரம் பேசுனீங்களே."

"அது வேற, இது வேற. பக்கத்து ரெண்டு போர்ஷன்காரங்களும் நாளைக்கே காலி பண்ணிருவாங்க. பொணம் வெச்ச வீடுன்னா அப்புறம் யாரு குடி வருவா?"

ஜெபநேசனை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. ஊரில் முக்கால்வாசி வீட்டுக்காரர்கள் இப்படித்தான். வாடகை வீட்டில் பிள்ளை பெறலாம், பெண்ணுக்குச் சடங்கு செய்யலாம், பால் காய்ச்சலாம். செத்தால் மட்டும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத இந்த விதி எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் தெரியும். சொர்ணத்துக்கும் தெரிந்திருந்தது.

"பரவால்லக்கா" என்றாள் அவள் வண்டிக்குள்ளிருந்து. "எங்கிட்டாச்சும் மரத்தடியில வெச்சுக்கிறோம். மகன் கவியரசன் பெங்களூர்ல இருந்து பஸ் ஏறிட்டான். அஞ்சு மணிக்கு வந்துட்டா ஊருக்குக் கொண்டு போயிருவோம்."

"இப்பவே ஊருக்குக் கொண்டு போனா என்ன?" என்றார் ஜெபநேசன்.

"ஊரு வீடு இடிஞ்சு கெடக்கு சார். பங்காளிக கூடப் பேச்சில்ல. மகன் வந்தாத்தான் நேரே சுடுகாட்டுக்கு."

தயாவதிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். தினமும் காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிறைந்ததும் அணைத்தது இந்த மனிதர். கடை யூனிபார்மில் போகும்போது பிளெஸ்ஸிக்குக்கூட ஒரு சல்யூட் வைப்பார். அந்த ஆளுக்கு ஏழு மணி நேரம் படுக்க இடம் இல்லையா?

அவள் உள்ளே போய்க் கோயில்பிள்ளைக்குப் போன் போட்டாள். கோயிலைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது எல்லாம் கோயில்பிள்ளை ஏசுவடியானின் வேலை. நாற்பது வருஷமாக அவர்தான்.

"பள்ளிக்கூட ஹாலைத் திறந்து வைங்க ஏசுவடியான். ஒரு துக்கம்."

"ஐயையோ, எங்கம்மா?"

"நம்ம வீட்டுலதான். ஃப்ரீசர் பாக்ஸ் வரும். நாற்காலியெல்லாம் ஓரமா எடுத்துப் போடுங்க."

 பிறகு மெல்லக் கேட்டார். "வயசும்மா?"

"அம்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் தயாவதி.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். அங்கத்தினர் யாராவது இறந்தால் வயதுக்கு ஒரு அடி வீதம் துக்க மணி அடிப்பார்கள். மணி அடிக்கட்டுமா என்று கோயில்பிள்ளை கேட்கமாட்டார். கேட்பது மரியாதை இல்லை. வயதை மட்டும் கேட்பார். வயதைச் சொன்னால் அடி என்று அர்த்தம். தயாவதி பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வழக்கம் இது. அப்பாவுக்கு அவள்தான் வயது சொன்னாள், அம்மாவுக்கும் அவள்தான். கேட்டதும் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

அமரர் ஊர்தி தெருமுனை திரும்பும்போது முதல் அடி விழுந்தது.

கூடவே நடந்துகொண்டிருந்த தயாவதிக்குக் கால் அப்படியே நின்றது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் அடிக்கிற மணி. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம், கோயில் வாசல் கூப்பிடு தூரம்தான். ஆனால் எப்படி நிறுத்துவது? பன்னிரண்டு அடித்துவிட்டு, மன்னிக்கவும், ஆள் மாறிவிட்டது என்றா?

"என்னக்கா மணி?" என்றாள் சொர்ணம்.

"அவருக்குத்தான்" என்றாள் தயாவதி.

சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு நிறுத்துகிற பேச்சே தயாவதியின் மனதில் எழவில்லை. ஐம்பத்தெட்டும் அடித்து முடிந்தபோது ஐயனாரை ஹாலுக்குள் இறக்கியிருந்தார்கள். கயிற்றை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி வந்த ஏசுவடியான், முகத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"யம்மா, இது நம்ம சார் இல்லையே!"

"சார் வீட்டுல தலைக்கு மை தடவிக்கிட்டு இருக்காரு" என்றாள் தயாவதி.

பத்தரை மணிக்கு ஜவுளிக்கடைக்காரர்கள் அனுப்பிய ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. சொர்ணம் தலைமாட்டில் ஒரு விளக்கு ஏற்றி வைத்தாள். கோயிலுக்கு எதிர்வீட்டு ஜன்னத் பீவி ஒரு பெரிய தூக்குவாளி நிறைய டீயும், கையோடு பிளாஸ்டிக் டம்ளரும் கொண்டுவந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. மணி கேட்டு வந்திருந்தார்.

அந்த மணியை இன்னும் பலர் கேட்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்குப் பிளெஸ்ஸி ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். தாயைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, அப்பா செத்துட்டாருன்னு சபை வாட்ஸாப் குரூப்ல போட்டிருக்காங்க."

"என்னது?"

"செயலாளரம்மா வீட்டுல துக்கம், வயசு அம்பத்தெட்டுன்னு யாரோ போட்டாங்க. அப்பாவுக்கும் அம்பத்தெட்டுதானே. தஞ்சாவூர் அத்தை போன்ல கதறுறாங்க. அப்பாவே எடுத்து, நான்தான் பேசறேன் அக்கான்னு சொன்னா, அத்தை இன்னும் ஜாஸ்தியா கத்துறாங்க."

தயாவதிக்குச் சிரிப்பு பீறிட்டது. துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று நினைக்க நினைக்க இன்னும் பொங்கியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்த சொர்ணம், அக்கா தன் புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்து அவளும் அழுதாள். தயாவதிக்குச் சிரிப்பு அத்தோடு அடங்கியது. பிறகு நிஜமாகவே அழுகை வந்தது.

பிளெஸ்ஸி மேடையைப் பார்த்தாள். தெர்மாகோலில் அவள் பெயர். அதற்கு நேர் கீழே ஐயனார். மகள் என்ன சொல்லப்போகிறாளோ என்று தயாவதி பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், மூன்று வரன் தட்டிப்போய் அமைந்த இடம்.

பிளெஸ்ஸி மேடையில் ஏறி, ஒவ்வொரு எழுத்தாகப் பிய்த்து, உடையாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"ஜோயல் வீட்டுக்கும் சேதி போயிருச்சும்மா. அவங்க அம்மா கார்ல கிளம்பிட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து ஐயரின் போன். லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பது. மூன்று ஊர்க் கோயில்களுக்கு அவர் ஒருவர். அன்று வேறொரு ஊரில் கல்யாண ஆராதனையில் இருந்தார்.

"மணி ஞானஸ்நானம் பெற்றவங்களுக்குத்தானேம்மா?"

"ஆமாங்கய்யா. நான்தான் வயசைச் சொல்லிட்டேன்."

"சரி. அடிச்ச மணியைத் திருப்பி வாங்கவா முடியும்?" ஐயர் பெருமூச்சு விட்டார். "சாயங்காலம் வாரேன். அதுவரைக்கும் பெரியவர் வேதமாணிக்கத்தை எதிர்த்துப் பேசிராதீங்க."

வேதமாணிக்கம் அந்நேரம் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது, வெள்ளை வேட்டி, கையில் ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும் மலர் வளையம். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். தெருவில் இன்னொரு ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேரைப் பார்த்துப் பழகிய தயாவதி, சனிக்கிழமை முற்பகல் முப்பது பேரை எண்ணினாள். கிறிஸ்மஸுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள்கூட வந்திருந்தார்கள்.

எல்லாரும் ஹால் வாசலில் தேங்கி நின்றார்கள். அழுவதற்குத் தயாராக வந்த முகங்கள், அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தன. ஏசுவடியான் ஒவ்வொருவரிடமும் விவரம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார்.

வேதமாணிக்கம் விளக்கைப் பார்த்தார். ஐயனார் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். "செயலாளரம்மா, நம்ம ஹாலுக்குள்ள இதெல்லாம் என்ன?"

"சாயங்காலம் வரைக்கும்தான் ஐயா. மகன் வந்ததும் ஊருக்குக் கொண்டு போயிருவாங்க. இறங்க இடமில்லாம தெருவுல நின்னாங்க."

"யாரு வீட்டுல குடியிருந்தவரு?"

"எங்க வீட்டுலதான்."

அதைச் சொல்லும்போது தயாவதிக்கு முகம் எரிந்தது. வேதமாணிக்கத்துக்கும் வாடகைக்கு விட்ட வீடு இரண்டு உண்டு. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போகலாம் என்றால் ஆட்டோவும் போய்விட்டது. துக்கம் என்று வந்த மனிதர் உட்காராமல் திரும்புவது அவர் அறியாத வழக்கம். செருப்பைக் கழற்றினார். மலர் வளையத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, எந்தத் துக்க வீட்டிலும் கேட்கிற அந்தக் கேள்வியைச் சொர்ணத்திடம் கேட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

அன்று காலையிலிருந்து அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. எங்கே இறக்குவது என்று கேட்டார்கள், எப்போது எடுப்பது என்று கேட்டார்கள். சொர்ணம் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். நாலரை மணிக்குத் தண்ணி கேட்டது, செம்பு கையிலிருந்து நழுவியது, மகன் பேரைச் சொன்னது. கேட்டுக்கொண்டே மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். வேதமாணிக்கம் ஒவ்வொரு முறையும் தலையாட்டிக் கேட்டார்.

ஒரு மணிக்குத் திருச்சிக் கார் வந்தது. சுகந்தி டீச்சர் வெள்ளைப் புடவையில் இறங்கினார். வழியிலேயே ஜோயல் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே வந்து கும்பிட்டுவிட்டு, தயாவதியை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார்.

"அண்ணன் நல்லா இருக்காருல்ல, சந்தோஷம். நாளைக்கு நிச்சயம் எந்த இடத்துல?"

"இங்கதான் சம்பந்தி. சாயங்காலம் கழுவி விட்டா காலைக்குள்ள காஞ்சிரும்."

சுகந்தி டீச்சர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். ரோஜா நிறத் துணிக்குக் கீழே ஐஸ் பெட்டி.

"எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஆனா எங்க வீட்டுப் பெரியவங்க நாளைக்கு நாலு பேரு வாராங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

தயாவதிக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால், ஐயனாரை இறக்கியது தப்பு என்று ஆகிவிடும். கேட்காமலே நின்றாள்.

"ஜோயல் அப்பாகிட்டப் பேசிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, சுகந்தி டீச்சர் காருக்குப் போகாமல் ஹாலுக்குள்ளேயே போய் ஓரமாக உட்கார்ந்தார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தயாவதியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று மணி சுமாருக்கு ஜெபநேசன் வந்தார்.

காலையிலிருந்து தான் உயிரோடு இருப்பதாக எழுபது பேருக்குப் போனில் சொல்லிச் சலித்த மனிதர். நேரில் காட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்று கிளம்பியிருக்கிறார். மையைக் கழுவ மறந்து, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் நரையுமாகவே வந்திருந்தார். அவர் வாசலில் நின்றதும் ஹாலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. யாரோ ஒரு அம்மாள் "கர்த்தாவே" என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

ஜெபநேசன் சுற்றிலும் பார்த்தார். பத்து வருஷமாக அவரோடு பேசாத பழைய சபைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மணமேல்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பழைய உபதேசியார் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவருக்காக வந்தவர்கள். நடுவில் படுத்திருந்தது ஐயனார்.

பிறகு அவர் கண் சுவரில் சாய்ந்திருந்த மலர் வளையத்தில் விழுந்தது. குறுக்கே ஊதா ரிப்பன். 'திரு. ஜெபநேசன் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.'

தன் பெயரை அவர் இரண்டு முறை படித்ததைத் தயாவதி பார்த்தாள். அவர் முகம் மாறியதையும் பார்த்தாள். முப்பது வருஷமாக அந்த முகத்தோடு குடித்தனம் நடத்தியவள் அவள். மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

வேதமாணிக்கம் சங்கடத்தோடு எழுந்தார். "சேதி அப்படி வந்துச்சு தம்பி. பூக்கடைக்காரன் அவசரத்துல எழுதிட்டான்."

"இருக்கட்டும் ஐயா."

ஜெபநேசன் ரிப்பனை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வளையத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியின் மேல் வைத்தார். வைத்தவர் அங்கேயே நின்றார். யாரும் சொல்லாமலே, சொர்ணத்துக்கு எதிரே தரையில் குந்தினார்.

"நான் காலையில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார்.  "நம்ம வீட்டுக்கே கொண்டு போயிருவோம். முன்வாசல்லயே வெச்சுக்கலாம். கவியரசன் வந்ததும் அங்கிருந்தே எடுத்துக்கலாம். அவரு குடியிருந்த வீடு."

 வேதமாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுகந்தி டீச்சர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். தயாவதிக்குத் தன் புருஷன் மேல் காலையிலிருந்து இருந்த கோபம் அத்தனையும் ஒரே நொடியில் கரைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்துவிட்டாள்.

சொர்ணம் ஜெபநேசனையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"வேணாம் சார்" என்றாள். "இவுகள ஒருக்கா வேணாம்னு சொன்ன எடத்துக்கு மறுபடி போக மாட்டாக. உசுரோட இருந்தப்பவே அப்படித்தான்."